தன் உடலைத் தான் பார்க்கும் விதம்

உடல் பிம்பம்

ஒருவர் தன் உடலை மனத்தில் எப்படிப் பார்க்கிறார், அதைப் பற்றி என்ன நினைக்கிறார், அந்த நினைப்பால் எப்படி நடந்துகொள்கிறார் என்ற மூன்றும் சேர்ந்ததே உடல் பிம்பம். எடைக்கருவி காட்டும் எண்ணுக்கும் அதற்கும் தொடர்பு இல்லாமல் போகலாம். ஒல்லியான பெண் தன்னைக் குண்டு என்று நம்பிப் பட்டினி கிடப்பதுண்டு.

அது உருவாகும் இடம்

தீபாவளியன்று ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ உறவினர் வீட்டு வாசலில் கால் வைத்ததும், "என்ன இப்படிக் கருத்துப் போயிட்ட? உடம்பும் போட்டிருக்க!" என்ற குரல் கேட்கும். முறுக்குத் தட்டை நீட்டியபடி அத்தை அன்பாகச் சொல்வதுதான். ஆனால், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மனத்தில் அது அடுத்த தீபாவளிவரை தங்கிவிடும். ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

திரையின் பங்கும் பெரிது. பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தபோது ஆய்வாளர் ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு நடத்தினார். எடை குறைக்க வாந்தி எடுப்பவர் அன்று ஒருவரும் இல்லை. 1998இல் 11 விழுக்காட்டினர் இருந்தனர்.

நிறமும் கிரீமும்

1975இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற சிவப்பழகுக் கிரீம் 2020இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் வெள்ளைத் தோல் மீதான ஆசை அப்படியே இருக்கிறது. அதை நம்பி விற்கப்படும் சில கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பதை மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டறிந்து தடை செய்கிறது. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் தோல் சீக்கிரம் வெளுக்கும்; அதுவே தோல் வழியே உடலுக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசியவரின் துண்டு, தலையணை வழியாகக் குழந்தைக்கும் பரவும். உட்பொருள் பட்டியல் இல்லாத, சுகாதார அமைச்சிடம் பதிவாகாத கிரீமை வாங்கவே கூடாது.

எடை

மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள் என்கிறது 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு. நீரிழிவு மிகுந்த சமூகத்தில் இது உண்மையான கவலை. ஆனால், கேலி யாரையும் இளைக்க வைப்பதில்லை. கேலிக்கு ஆளான பிள்ளை திடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, மறைவாக அதிகம் சாப்பிடுகிறது.

வளர்க்கும் வழி

சாப்பாட்டு மேசையில் எடைப் பேச்சு வேண்டாம். உடல் செய்யும் காரியத்தைப் பாராட்டலாம்: ஓடுவது, நீந்துவது, பரதம் ஆடுவது. தாய் கண்ணாடி முன் தன்னையே திட்டிக்கொள்வதையும் பிள்ளை கவனிக்கிறது.

உணவைத் தவிர்ப்பது, சாப்பிட்டவுடன் கழிவறைக்கு ஓடுவது, ஜொகூர் வெயிலிலும் தடித்த மேலாடையைக் கழற்றாமல் இருப்பது ஆகியவை உடல் பிம்பம் சிதைந்து வருவதன் எச்சரிக்கை அறிகுறிகள். பள்ளி ஆலோசக ஆசிரியரையோ அரசு கிளினிக்கையோ தாமதமின்றி அணுக வேண்டும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.