பியானோ வாசிக்கும் தேகம்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடத்துக்குப் போகும் சாலையில், ஷிப்டு மாறும் மாலை வேளையில் நின்று, நம்மைக் கடந்து செல்லும் மோட்டார் சைக்கிள்களைச் சற்று உற்றுப் பார்த்தால், அவற்றுள் சிலவற்றின் மேல் மூன்று சுருதிக் கவைகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பின்னிக் கிடக்கும் சின்னத்தைக் காணலாம். சுருதி பார்க்கும் கருவியின் உருவம் ஒரு வாகனத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததற்குச் சரித்திரம் உண்டு. ஜப்பான் தேசத்து ஹமாமத்ஸு நகரில் 1887-ஆம் ஆண்டில் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கனைப் பழுது பார்க்கப் போன டொராகுஸு யமஹா என்பவர், அந்த வாத்தியத்தின் நுட்பத்தில் மனம் பறிகொடுத்துத் தாமே ஆர்கன் செய்யத் தொடங்கினார். அவர் ஸ்தாபித்த கம்பெனி 1900-இல் பியானோ செய்தது. அதன் கிளையாக 1955-இல் மோட்டார் சைக்கிள் கம்பெனி பிறந்தது. அந்த மோட்டார் சைக்கிள் இன்று நம் ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில் தயாராகிறது. வாத்தியக் கம்பெனியோ திருப்போரூர்ப் பக்கத்தில் தொழிற்சாலை அமைத்து 2019 முதல் கீபோர்டுகளையும் கிதார்களையும் செய்து வருகிறது. ஆகவே, பியானோவைப் பற்றி மறைமலை நகரில் உட்கார்ந்து எழுதுவது அப்படியொன்றும் பொருத்தமில்லாத காரியமன்று.

எங்கள் தெருவில், பகலெல்லாம் கார்களுக்கு உறுப்புப் பூட்டும் வேலை செய்துவிட்டு வரும் ஒருவர், போனஸ் பணத்தில் தம் பெண்ணுக்கு ஒரு கீபோர்டு வாங்கித் தந்திருக்கிறார். அந்தக் குழந்தை சாயங்காலந்தோறும் அப்பியாசம் செய்யும்போது, ஸ்வரங்களுக்கு அடியில் 'டொக், டொக்' என்று இன்னொரு சப்தமும் என் காதில் விழும். அது விரல்கள் கட்டையின் அடித்தட்டில் போய் மோதும் சப்தம். ஒருநாள் அருகில் போய்ப் பார்த்தேன். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன, பற்கள் இறுகியிருந்தன, மூச்சும் நின்றிருந்தது. "கை வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன். "வலிச்சாத்தான் தாத்தா விரல் பலப்படும், அப்படித்தான் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தாங்க" என்றது குழந்தை. அந்த வார்த்தை என்னை மிகவும் வருத்தியது. அது பொய் என்பதைப் பியானோவின் அமைப்பே நிரூபிக்கிறது என்பதால்தான் இதை எழுத முற்பட்டேன்.

இத்தாலியில், பிளாரன்ஸ் நகரத்து மெடிசி பிரபுக்களின் வாத்தியங்களைப் பராமரித்து வந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர் 1700-ஆம் ஆண்டையொட்டிப் பியானோவை உண்டாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டு என்னும் வாத்தியத்தில் ஒரு சிறு இறகு முள் தந்தியை மீட்டும். கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் நாதம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் எழும். கிறிஸ்தோபோரி அந்த முள்ளுக்குப் பதிலாக ஒரு சிறு சுத்தியலை வைத்தார். மெல்லிய நாதமும் பெரிய நாதமும் விரலின் வசப்பட்டன. இன்றைய பியானோவில் 52 வெள்ளைக் கட்டைகளும் 36 கறுப்புக் கட்டைகளுமாக 88 கட்டைகள் இருக்கின்றன. (நம் வித்துவான்கள் 'ஐந்து கட்டை சுருதி' என்று சொல்வதும் ஆர்மோனியத்தின் இந்தக் கட்டைகளை எண்ணி வந்த வழக்கமே.) உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட தந்திகள் எல்லாம் சேர்ந்து பதினெட்டு, இருபது டன் விசையோடு இழுபட்டு நிற்க, அதைத் தாங்குவதற்காக வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்று அமைந்திருக்கிறது. இவ்வளவு பிரம்மாண்டமான யந்திரத்தின் கட்டையைக் கீழிறக்க வேண்டிய பாரம் ஐம்பது கிராமை ஒட்டியதுதான் என்றால் பலரும் நம்பமாட்டார்கள். கட்டை இறங்கும் ஆழமும் சுமார் பத்து மில்லிமீட்டரே. அந்தப் பத்து மில்லிமீட்டருக்குள் சுத்தியல் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் தாண்டிப் பறந்து தந்தியைத் தொடுகிறது.

'பறந்து' என்று நான் சொன்னது அலங்காரத்துக்காக அன்று. கட்டை அடித்தட்டைச் சேர்வதற்குச் சற்று முன்னதாகவே, உள்ளிருக்கும் ஒரு விடுவிப்பு அமைப்பு சுத்தியலைக் கட்டையினின்றும் பிரித்துவிடுகிறது. கடைசிச் சிறு தூரத்தைச் சுத்தியல் கவண் எறிந்த கல்லைப்போலத் தன் வேகத்திலேயே கடந்து, தந்தியை அடித்துத் திரும்பிவிடுகிறது. பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் சுத்தியல் தந்தியின்மேல் படிந்து நாதத்தை அமுக்கிவிடும். எனவே நாதத்தின் அளவை நிர்ணயிப்பது பிரியும் கணத்தில் சுத்தியலுக்கு இருக்கும் வேகம் ஒன்றே. அதற்குப் பிறகு கட்டையின் அடியில் விரலை ஊன்றி எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஸ்வரத்துக்கு அணுவளவும் கூடப்போவதில்லை. கட்டையை மிக மெதுவாக இறக்கினால், பாதிக்கு மேல் ஓரிடத்தில் இலேசான தடையொன்று விரலுக்குத் தெரியும். விடுவிப்பு நிகழும் இடம் அது.

இதை அந்தக் குழந்தையின் தகப்பனாரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் முகம் மலர்ந்தது. "எங்க லைன்ல டார்க் ரெஞ்சு 'டிக்'குனு சொன்னதும் கையை எடுத்துடணும் சார். அதுக்கு மேல திருகினா போல்ட்டுக்கும் கேடு, தோளுக்கும் கேடு" என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கக்கூடியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அவர் வீட்டுக் கீபோர்டில் சுத்தியலும் இல்லை, தந்தியும் இல்லை. ஆனால் விரல் தொடும் விதத்துக்கு ஏற்ப ஒலி மாறும் கீபோர்டுகளில், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு மின் தொடர்புகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும். முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையே கழிந்த நேரத்தை அளந்தே அந்த யந்திரம் ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆக, மரமும் கம்பளியும் கொண்ட பழைய வாத்தியமானாலும் சரி, மின்சாரத்தில் இயங்கும் புதிய வாத்தியமானாலும் சரி, இரண்டும் வேகத்தையே அறியும். அழுத்திப் பிடிக்கும் பலத்தை அறியா.

இனித் தேகத்தின் பக்கம் வருவோம். விரல்களுக்குள் தசையே கிடையாது. அவற்றை மடக்கவும் நீட்டவும் செய்யும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. உள்ளங்கையில் சில சிறு தசைகள் உதவிக்கு நிற்கின்றன. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று நூலை இழுப்பதுபோல, முன்கைத் தசைகள் நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. மடக்கும் தசைநாண்களுள் ஒன்பதும் ஒரு முக்கியமான நரம்பும் மணிக்கட்டிலுள்ள ஒரு குறுகிய வழிக்குள்ளேதான் நெருங்கிச் செல்லவேண்டும். மணிக்கட்டை அதிகமாக மேலோ கீழோ வளைத்தபடி மணிக்கணக்கில் வாசித்தால் அந்த நெருக்கடி மிகுந்து, நரம்பு நசுங்கி, விரல் மரத்துப் போகிறது. வலி விரலில் தோன்றினாலும் காரணம் மணிக்கட்டிலோ முழங்கையிலோ தோளிலோ, ஆசனத்தின் உயரத்திலோகூட இருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. விரலை மடக்கும் தசைக்கு நீட்டும் தசை எதிரி. ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று இளகி வழிவிட வேண்டும். பயத்தினாலோ அவசரத்தினாலோ இரண்டும் ஒரே சமயத்தில் இறுகிவிட்டால், பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரையும் முறுக்குவதுபோல, எஞ்சின் சூடாகுமேயன்றி வண்டி நகராது. பதற்றம் மனத்தில் உண்டாவது. இறுக்கம் தசையில் உண்டாவது. இரண்டுக்கும் நடுவே ஒரு கணம்கூடக் கழிவதில்லை. தேகத்தையும் மனத்தையும் தனித்தனியே பழக்க முடியாதென்பதைப் பியானோ ஆசனத்தில் உட்கார்ந்தவர் பத்தே நிமிஷத்தில் கண்டுகொள்ளலாம்.

இதை அறியாமல் விரல்களை யந்திரங்களால் வசப்படுத்த முயன்ற காலமும் ஒன்று இருந்தது. 1814-ஆம் ஆண்டில் லோஜியர் என்பவர் மாணவரின் கைகளைச் சட்டங்களுக்குள் நிறுத்திவைக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மோதிர விரலை நீட்டும் தசைநாண் அண்டை விரல்களின் தசைநாண்களோடு பிணைந்திருப்பதால், அந்த விரலுக்குப் பிறவியிலேயே சுதந்திரம் குறைவு. அதைத் தனியே தூக்கிப் பழக்குவதற்கென்று எத்தனையோ பேர் எத்தனையோ துன்பங்களை அநுபவித்தார்கள். பியானோ வித்துவானாக வேண்டுமென்று கனவு கண்ட ராபர்ட் ஷூமன், 1832-ஐ ஒட்டி வலது கை விரலொன்று செயலிழந்ததால் அந்தக் கனவைக் கைவிட்டு, சாகித்திய கர்த்தாவாகவே வாழ்ந்தார். விரல் கெட்டதற்கு அவர் உபயோகித்த கருவிதான் காரணமா, வேறு நோயா என்று வைத்தியர்கள் இன்றும் வாதிக்கிறார்கள். அவர் பிறந்த அதே 1810-இல் பிறந்த ஷோபின் நேர்மாறான வழியில் சென்றார். எல்லா விரல்களையும் சமமாக்கும் முயற்சியை வெறுத்து, ஒவ்வொரு விரலுக்கும் உரிய இயல்பைப் போற்றிய அவர், நீண்ட நடுவிரல்கள் கறுப்புக் கட்டைகளின்மேல் இயற்கையாகப் படியும் ஸ்வரவரிசையையே மாணவர்களுக்கு முதலில் கற்பித்தார். அவர் பக்கமே நியாயம் இருந்ததென்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அமெரிக்க வித்துவான் லியான் பிளைஷருக்கு நேர்ந்தது இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1964-ஆம் ஆண்டில், முப்பத்தாறாம் வயதில், புகழின் உச்சியில் இருந்த அவருடைய வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாகவே உள்ளங்கையை நோக்கிச் சுருளத் தொடங்கின. அவர் இன்னும் கடுமையாகச் சாதகம் செய்தார். விரல்கள் இன்னும் சுருண்டன. இந்த நோயில் கோளாறு விரலில் இல்லை. மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒதுக்கப்பட்ட இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முப்பது ஆண்டுகளை இடது கை வாசிப்பிலும், போதிப்பதிலும், வாத்தியக் குழுக்களை நடத்துவதிலும் கழித்த அவர், சிகிச்சைகளின் உதவியால் 1990-களின் நடுவில் இரு கைகளோடும் மேடைக்குத் திரும்பினார்.

மூளையின் வரைபடம் இப்படிக் கெடக்கூடுமானால், அதைச் செம்மைப்படுத்தவும் கூடும். அல்வாரோ பாஸ்குவல்-லியோன் என்ற நரம்பியல் அறிஞரும் அவர் குழுவினரும் 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பியானோ அறியாத சிலர் ஐந்து விரல் பயிற்சியொன்றைத் தினம் இரண்டு மணி நேரமாக ஐந்து நாள் வாசித்தார்கள். வேறு சிலர் விரலை அசைக்காமல் அதையே மனத்துக்குள் வாசித்தார்கள். விரல்களை ஆளும் மூளைப் பகுதி இரு சாராருக்கும் விரிவடைந்திருந்தது. நம்முடைய மிருதங்க ஆசிரியர்கள் கையைத் தோலில் வைக்குமுன் சொற்கட்டை வாயால் சொல்லவைத்துத் தாளத்தை மனத்தில் நிறுத்துவது எத்தனை பெரிய ஞானம் என்பதை இந்த ஆராய்ச்சியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். கை களைத்தபோது வாத்தியத்தை மூடிவிட்டு மனத்துக்குள் வாசிப்பதும் சாதகமே.

கையால் வாசித்தாலும் மனத்தால் வாசித்தாலும் சாதகத்துக்கு வேண்டியது கவனம். அது எப்படிப்பட்டதென்று அறிய, டாஸ்மானியாவில் 1869-இல் பிறந்த எப். எம். அலெக்ஸாண்டரின் கதையைச் சொல்லவேண்டும். மேடைகளில் நாடகப் பகுதிகளை ஒப்பித்துப் பிழைத்த அவருக்குக் குரல் கம்மிப் போயிற்று. வைத்தியத்தால் நிலையான குணம் கிட்டவில்லை. அவர் கண்ணாடிகளின் முன் நின்று, தாம் பேசத் தொடங்கும் கணத்தைப் பொறுமையோடு கவனித்து வந்தார். வாயைத் திறக்குமுன்பே தலை பின்னுக்குச் சாய்வதும், கழுத்து இறுகுவதும், மூச்சு உள்ளே இழுபடுவதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தன. தம்மை அறியாமல் நிகழ்ந்துவந்த அந்த இறுக்கத்தை, தொடங்கும் முன்னமே நிறுத்தப் பழகியதும் குரல் திரும்பியது. இன்று அவர் முறையைப் பல இசைக் கல்லூரிகள் போதிக்கின்றன. கடினமான சங்கதி நெருங்கும்போது உம்முடைய மூச்சு நிற்கிறதா, தாடை இறுகுகிறதா, தோள் ஏறுகிறதா என்று பார்ப்பதே முதற் பாடம்.

வேகத்துக்குப் பலம் வேண்டாமா என்று கேட்பார்கள். 2019-இல், பதின்மூன்று வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், வண்டின் ரீங்காரத்தைப் போன்ற ஓர் உருப்படியை முதலில் நிமிஷத்துக்கு 208 என்ற காலப்பிரமாணத்திலும், பிறகு 325 என்ற காலப்பிரமாணத்திலும் வாசித்ததை உலகமே கண்டது. அந்த வாசிப்பைப் பார்ப்பவர்கள் விரல்களின் ஓட்டத்தில் மயங்காமல், அவை கட்டையை விட்டு எவ்வளவு குறைவாக எழும்புகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு குழந்தையின் கைக்கு அந்த வேகம் கூடுகிறதென்றால், அது புஜபலத்தால் வருவதன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஏ. ஆர். ரஹ்மான் 2008-இல் நிறுவிய இசைக் கல்லூரியும் வேறு பல பள்ளிகளும் இருப்பதால் சென்னைக் குழந்தைகளுக்கு நல்ல போதனை கிடைக்கிறது. நம் நகரத்துப் பெற்றோர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: கீபோர்டைக் கட்டிலின்மேல் வைத்துக் குழந்தையைக் கூன் போட்டு வாசிக்கவிடாதீர்கள். உட்காரும்போது முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி நாற்காலியில் தலையணை போடுங்கள். கால் எட்டாவிட்டால் அடியில் ஒரு பலகையை வையுங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். கை வலிக்கிறதென்று குழந்தை சொன்னால் அன்றைய அப்பியாசத்தை அங்கேயே நிறுத்துங்கள். வலி நாலு நாள் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் ஆசிரியர் யாராயினும், தயவுசெய்து வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.