தலைசுற்றல் எல்லாம் பித்தம் அல்ல

காலையில் எழுந்தவருக்குத் தலை சுற்றுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வாந்தி எடுக்கிறார். வீட்டில் உடனே வரும் தீர்ப்பு, ‘பித்தம்’. எலுமிச்சைச் சாற்றைக் குடிக்கவைத்துப் படுக்கச் சொல்வார்கள். பல சமயம் அது தானாகவே சரியாகியும் விடும். அதனால்தான், சரியாகாத அந்த ஒரு தலைசுற்றலையும் பித்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

மூளைக்குப் போகும் நான்கு வழிகள்

மூளையின் எடை சுமார் 1,400 கிராம், அதாவது உடல் எடையில் 2 சதவீதம். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கு வேண்டும். ரத்தம் முற்றிலும் நின்றால் சில நிமிடங்களிலேயே மூளைச் செல்கள் சாகத் தொடங்கும்.

முன்கழுத்தில் இரண்டு கரோட்டிட் தமனிகள்; தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிப்பவை இவைதான். பின்பக்கம் இரண்டு முதுகெலும்புத் தமனிகள். கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறி, மண்டைக்குள் ஒன்றுசேர்ந்து பேசிலார் தமனி ஆகின்றன. மூளையின் அடியில் முன்வழியும் பின்வழியும் வளையமாக இணைகின்றன. 1664இல் அதை விளக்கிய ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரே அதற்கு. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஈடுகட்ட இயற்கை செய்த ஏற்பாடு. ஆனால் பலருக்கு அந்த வளையம் முழுமையாக அமைவதில்லை.

முன்வழி அடைத்தால்

இது நமக்குத் தெரிந்த பக்கவாதம். வாய் கோணும், ஒரு பக்கக் கை விழும். இடப்பக்க மூளை என்றால் பெரும்பாலோருக்குப் பேச்சும் போகும். யாரும் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள்.

பின்வழி அடைத்தால்

சிக்கல் இங்கேதான். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதங்களில் சுமார் ஐந்தில் ஒன்று இந்த வழியில் வருகிறது. கை, கால் நன்றாகவே அசையலாம். தலைசுற்றலோடு நிற்க முடியாமை, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நாக்குழறல், விழுங்கச் சிரமம், திடீரெனப் பார்வையின் ஒரு பாதி மறைவது ஆகியவையே அடையாளங்கள். ஆரம்பத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அடைப்பின் சுவடு தெரியாமலும் போகலாம்.

இந்தப் பின்வழி ஊட்டும் மூளைத்தண்டு பாதித்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ழான் டொமினிக் போபி சாட்சி. 1995இல் பக்கவாதம் தாக்கியபின், அறிவு முழுதும் தெளிவாக இருக்க, உடல் செயலிழந்தது. இடது கண்ணிமையைச் சிமிட்டியே எழுத்தெழுத்தாக ஒரு புத்தகம் சொன்னார். 1997இல் அது வெளிவந்த சில நாட்களில் இறந்தார்.

படுக்கையில் புரளும்போது மட்டும் சில விநாடிகள் சுற்றி அடங்கினால், அது பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. திடீரென்று வந்து, விடாமல் சுற்றி, நடக்கவே விடாவிட்டால் காத்திருக்காதீர்கள்.

சலூன் நாற்காலியில் ஓர் எச்சரிக்கை

முடி வெட்டியபின் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பது பலருக்குச் சுகம். அரிதாக, அந்தத் திருகலில் முதுகெலும்புத் தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து மூளைக்கு ஏறும். வயது குறைந்தவர்களுக்கும் இது நேரும். ‘கழுத்து வேண்டாம்ணே’ என்று சொல்லிவிடுவது நல்லது.

கடிகாரம் ஓடுகிறது

உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால், தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரைகூட கம்பிக்குழாய் செலுத்தி உறைவை எடுக்கிறார்கள். எனினும் முந்தினால்தான் பலன் அதிகம். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆகவே வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினைக் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போகும். கால்மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். பெரிய தாக்குதல் அடுத்த சில நாட்களில் வரக்கூடும்.

108ஐ அழையுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு? அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.