முடி சொல்லும் உணவுக் கணக்கு

தானா ராத்தாவில் தேயிலைச் சரிவுகளை ஒட்டியே தித்திவாங்சா மலைத்தொடரின் காடு தொடங்கிவிடுகிறது. உலகின் எட்டுக் கரடி இனங்களுள் மிகச் சிறியதான சூரியக் கரடி வாழ்வது இத்தகைய காடுகளில்தான். நெஞ்சில் மஞ்சள் பிறைக்குறியும் நீண்ட நாக்கும் உடைய இவ்விலங்கு கறையான், தேன், அத்திப்பழம் ஆகியவற்றை விரும்பித் தின்னும். மலாய் மொழியில் இதற்குத் ‘தேன் கரடி’ என்றே பெயர்.

மனிதரைக் கண்டாலே விலகிவிடும் விலங்கு என்ன தின்கிறது என்பதை எப்படி அறிவது? அதன் எச்சத்தைக் கிளறிப் பார்க்கலாம். ஆனால், அது ஓரிரு நாள் உணவையே காட்டும். விதைகள் செரிக்காமல் எஞ்சும். ரொட்டியும் இறைச்சியும் பெரும்பாலும் தடமின்றி மறைந்துவிடும். எனவே, ஆய்வாளர்கள் கரடியின் முடியை நாடுகின்றனர். மரங்களைச் சுற்றி முள்கம்பி கட்டி, நடுவில் மணமுள்ள பொருளை வைப்பார்கள். கம்பியைக் கடந்து வரும் கரடி சில முடிகளை விட்டுச் செல்லும். மயக்க ஊசிக்கு வேலையில்லை.

முடி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உண்ட உணவிலுள்ள கார்பனும் நைட்ரஜனும் அப்புரதத்தில் சேர்கின்றன. வளர்ந்த முடியில் அவற்றின் விகிதம் பிறகு மாறுவதில்லை. ஆகவே, முடியின் நுனி பழைய உணவையும் வேர்ப்பகுதி அண்மைய உணவையும் காட்டும்.

இயற்கையிலுள்ள கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று சற்றுக் கனமானது. அதுவே கார்பன்-13. மக்காச்சோளத்திலும் கரும்பிலும் இதன் விகிதம் காட்டு மரங்களில் உள்ளதைவிடக் கூடுதல். கனமான நைட்ரஜன்-15 இரையைவிட அதைத் தின்ற விலங்கின் உடலில் மிகுந்திருக்கும். முடியைக் கழுவி, நறுக்கி, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியில் இட்டால் இரண்டு அளவுகளும் தெரிந்துவிடும்.

இம்முறை அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் நன்கு பயன்பட்டது. அங்குள்ள கருங்கரடிகள் முகாம்களிலும் கார்களிலும் புகுந்து உணவைத் திருடின. அத்தகைய கரடிகள் சில கொல்லவும்பட்டன. 1999இல் கரடி நுழையாத உணவுப்பெட்டிகள், கண்காணிப்பு முதலியவற்றுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. பணம் வீணானதா? அமெரிக்கர் உணவில் சோளத்தீவனம் தின்ற மாட்டின் இறைச்சியும் கரும்புச் சர்க்கரையும் மிகுதி என்பதால், முடியே விடை சொன்னது. அருங்காட்சியகத்திலிருந்த பழைய முடி, எலும்பு மாதிரிகளும் ஆராயப்பட்டன. 2014இல் வெளியான முடிவின்படி, மனித உணவுக்குப் பழகிய கரடிகளின் உணவில் அதன் பங்கு 1975 முதல் 1985 வரை 35 விழுக்காடாக இருந்தது. 1999க்குப் பிறகு 13 விழுக்காடாகக் குறைந்தது. ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பிருந்த அளவும் அதுவே!

இதே கணக்கை நம் மலைக்கு அப்படியே கொண்டுவர இயலாது. கேமரன் மலையில் விளையும் முட்டைக்கோஸ், தக்காளி, ஸ்ட்ராபெரி ஆகியவை கார்பன் அளவில் காட்டுத் தாவரங்களை ஒத்தவை. செம்பனைப் பழமும் அப்படித்தான். தோட்டத்தில் புகுந்து இவற்றைத் தின்ற கரடியைக் கார்பன் காட்டிக்கொடுக்காது. மக்காச்சோளம் தின்றிருந்தால் மட்டுமே அகப்படும். நைட்ரஜன் ஓரளவு உதவக்கூடும். கோழி எரு இட்ட நிலத்தின் காய்கறிகளில் நைட்ரஜன்-15 பொதுவாகக் கூடியிருக்கும்.