முண்டு முதிரட்டும்

வரப்போரத்து வேம்பு, புளி, பூவரசு மரங்களை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். ஏதாவதொன்றின் அடிமரத்தில், பானையைக் கவிழ்த்து ஒட்டினாற்போல் ஒரு புடைப்பு இருக்கும். நாம் முண்டு என்போம். வியாபாரிகள் ‘பர்ல்’ என்கிறார்கள். கோடாலி இறங்காது என்று ஒதுக்கிய இந்தக் கட்டைக்கு இன்று தனி விலை. கிண்ணம், கத்திப்பிடி, மேசைப்பலகை செய்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். அதனால்தான் “மரம் உங்களுக்கே இருக்கட்டும், முண்டை மட்டும் அறுத்துக்கிறேன்” என்று ஆள் வருகிறது. பதில் சொல்லுமுன் முண்டு எப்படி வளருகிறது என்று தெரிந்துகொள்வோம்.

மரப்பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் உண்டு. கிளை ஒடிந்தால் துளிர்க்க மரம் வைத்திருக்கும் சேமிப்பு அது. காயம், பூச்சி, பூஞ்சை என ஏதோ ஒன்று தூண்ட, ஓரிடத்தில் மொட்டுகள் பெருகும்; ஆனால் கிளையாக நீளாது. ஆண்டுதோறும் மரம் அவற்றின் மேல் புதுக்கட்டையைப் போர்த்திக்கொண்டே வரும். நேராக ஓட வேண்டிய நார், மொட்டுக்கு மொட்டு வளைந்து சுழலும். அறுத்தால் கண் கண்ணாகத் தெரியும் பூவேலை இதுதான். கைப்பிடி அளவு முண்டு கூடையளவாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

எல்லாப் புடைப்பும் முண்டல்ல. வெட்டிய கிளையின் மேல் பட்டை மூடிய மேடு வேறு. நாற்றின் வேர்க்கழுத்தில் அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி உண்டாக்கும் கழலை நோய் வேறு. அந்த நாற்றை நடவே கூடாது.

முண்டால் மரத்துக்குப் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அறுத்தால்தான் கெடுதல். முண்டின் அகலத்துக்குப் பட்டை போய், உள்மரம் திறந்துவிடும். அவ்வளவு பெரிய காயத்தைச் சீக்கிரம் மூட மரத்தால் முடியாது. மழைநீரும் பூஞ்சையும் புகுந்து பொந்தாகி, ஒரு காற்றில் மரமே ஒடியலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ரெட்வுட் காடுகளில் இரவோடு இரவாக முண்டு திருடுபவர்களைத் தடுக்க, 2014-இல் காட்டுச்சாலை ஒன்றையே இரவில் மூட வேண்டியதாயிற்று.

அப்படியானால் எப்போதுதான் அறுப்பது? வங்கியில் இருந்தவன் என்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்: முண்டு ஒரு வைப்புநிதி. மரம் பட்டுப்போன நாள், புயலில் சாய்ந்த நாள், வேறு தேவைக்கு வெட்டும் நாள், இவைதான் முதிர்வு நாள். நாள் நம் கையில் இருந்தால் தை, மாசி நல்லது. மழைக்கால ஈரமும் இருக்காது, கட்டையைப் பிளக்கும் சித்திரை வெயிலும் இருக்காது.

முண்டை ஒட்டி அறுக்காதீர்கள். இருபுறமும் அரை அடியாவது அடிமரத்தோடு சேர்த்து அறுங்கள். வேரோரம் இருந்தால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள், பாதி கீழே இருக்கலாம். அறுத்த முகங்களில் அன்றைக்கே மெழுகு உருக்கிப் பூசுங்கள். நார் எல்லாத் திசையிலும் ஓடுவதால் ஈரம் வேகமாக வெளியேறி வெடித்துவிடும். பட்டையோடு, நிழலில், தரையில் படாமல் அடுக்குங்கள். பலகையாக்கினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது தச்சர் கணக்கு.

2018 கஜா புயலில் டெல்டாவில் லட்சக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. அந்த அவசரத்தில் விறகு எது, முண்டு எது என்று யார் பார்ப்பார்கள்? அதனால் இப்போதே முண்டுள்ள மரங்களைக் குறித்து, வீட்டுப் பிள்ளைகளிடமும் காட்டி வையுங்கள். முதிர்வு நாளில் நாம் இல்லாமலும் போகலாம்.