வெட்கத்தை விடுங்கள், விவரம் கேளுங்கள்!

வேலையில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கும், பல ஆண்டுகளாக இனிப்புநீரால் அவதிப்படுபவருக்கும் சில சமயம் சிறுநீர் தானாகப் பிரிவதில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "நீங்களே குழாய் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். கேட்டதுமே நமக்கு உடம்பு கூசுகிறது, அல்லவா?

கூச்சம் இருக்கலாம்; ஆனால் நீரை அடக்கிவைக்கக் கூடாது. தேங்கிய நீரில் கிருமி பெருகும். நாளடைவில் சிறுநீரகமே கெடும். சோப்புப் போட்டுக் கழுவிய சுத்தமான கையோடு நோயாளி தாமே வீட்டில் இதைச் செய்துகொள்ளலாம் என்று 1972-இல் அமெரிக்க டாக்டர் ஜாக் லாப்பிடிஸ் எடுத்துக் காட்டினார். இன்று உலகெங்கும் இதுவே வழக்கம். பெரும்பாலோர் நாளைக்கு நான்கு முதல் ஆறு தடவை செய்கிறார்கள்.

சரி, எந்தக் குழாயை வாங்குவது?

சாதாரண பிளாஸ்டிக் குழாய்க்கு வழுக்கும் ஜெல்லி தடவ வேண்டும். இன்னொரு வகையில் மேற்பூச்சு உண்டு. தண்ணீர் பட்டதும் வெண்டைக்காய் போல வழவழப்பாகிவிடும். உரசல் குறைவதால் எரிச்சலும் குறையும். இதற்கு ஜெல்லியோ எண்ணெயோ தடவவே கூடாது.

வாங்குமுன் இவற்றைக் கவனியுங்கள்:

கனம்: 12 என்று போட்டிருந்தால் 4 மில்லிமீட்டர் குறுக்களவு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 வரும். டாக்டர் சொன்ன எண்ணையே வாங்குங்கள்.

நீளம்: ஆண்களுக்கு நீளக் குழாய், பெண்களுக்குக் குட்டைக் குழாய்.

நுனி: நேரான நுனியே வழக்கம். சில ஆண்களுக்கு வளைந்த நுனி தேவைப்படும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தண்ணீர்: பொட்டலத்திலேயே நனைந்து வருவதும் உண்டு, நாம் நனைத்துக்கொள்வதும் உண்டு. வெளிக்காட்டில் வேலை செய்பவருக்கு நனைந்து வருவதே வசதி. நாமே நனைப்பதானால் குடிக்கத் தகுந்த நீரில், உறையில் எழுதியுள்ள நேரம் வரை நனைக்க வேண்டும்.

பிடி: கை நடுங்குபவர், விரல் வலுவில்லாதவர் குழாயைத் தொடாமல் பிடிக்கும் உறையுள்ளதைக் கேட்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். பூச்சுக் குழாய் ஒரே தடவைக்குத்தான். காசை மிச்சம் பிடிக்கலாம் என்று கழுவி மறுபடி விட்டால், காய்ந்த பூச்சு உள்ளே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். விலை கட்டாது என்றால் அதை டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். வேலையில் அடிபட்டவரானால் சொக்சோ அலுவலகத்திலும் விசாரியுங்கள். விலையுயர்ந்த குழாயை வாங்கி நாளைக்கு இரண்டே தடவை எடுப்பதைவிட, சாதாரணக் குழாயில் ஜெல்லி தடவி வேளை தவறாமல் எடுப்பதே மேல்.

காய்ச்சல், குளிர்நடுக்கம், இடுப்புக்கு மேல் வலி, நிற்காத இரத்தம், குழாய் உள்ளே போகாமை, இவற்றில் எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழாயைப் பலவந்தமாகத் தள்ளாதீர்கள்.

வீட்டிலுள்ளவர்களே, அவர் கழிவறையில் சற்று அதிக நேரம் இருந்தால் கதவைத் தட்டி அவசரப்படுத்தாதீர்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.