தானியங்கிக் காரைச் சீராகக் கிளப்புதல்

தானியங்கிக் கார் என்பது கிளட்ச் மிதி இல்லாத கார் ஆகும். இதில் பிரேக், ஆக்சிலரேட்டர் என இரண்டு மிதிகள் மட்டுமே உண்டு. கியர் மாற்றும் வேலையை வண்டியே பார்த்துக்கொள்கிறது. ஆகவே கற்பது எளிது. ஆனால் கிளட்ச் உள்ள காரில் புதியவர் காலைத் தவறாக எடுத்தால் பெரும்பாலும் என்ஜின் நின்றுவிடும். தானியங்கிக் காரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. தவறு செய்தாலும் வண்டி ஓடும்.

முழுமையான தானியங்கி கியர் அமைப்பைப் பெருமளவில் முதலில் விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். ஹைட்ராமேட்டிக் என்னும் அவ்வமைப்பு 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களின் சிறிய கார்களுக்கு இவ்வசதி பரவலானது 2014இல் மாருதி சுசுகி செலெரியோ வந்த பிறகே. அதில் இருந்தது ஏஎம்டி வகை.

வண்டி தானே ஊர்வது ஏன்?

கியர் நெம்பை டி நிலையில் வைத்துப் பிரேக்கை விட்டதும், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே கார் மெல்ல ஊரத் தொடங்கும். புதியவர்களைத் திடுக்கிட வைப்பது இதுதான். அவர்களுக்கு உதவுவதும் இதுதான்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழல விட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலும். டார்க் கன்வெர்ட்டர் என்னும் கருவி இதே முறையில் இயங்குகிறது. காற்றுக்குப் பதில் எண்ணெய். என்ஜினோடு இணைந்த சக்கரம் எண்ணெயைத் தள்ள, கியர்பெட்டியோடு இணைந்த சக்கரம் அதனால் சுழல்கிறது. என்ஜின் சும்மா ஓடும்போதும் எண்ணெய் தள்ளிக்கொண்டே இருப்பதால் வண்டி நகரப் பார்க்கிறது.

ஏஎம்டி காரில் இவ்வெண்ணெய் இணைப்பு கிடையாது. வழக்கமான கிளட்சும் கியர்பெட்டியுமே உள்ளன. அவற்றைக் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கணினியின் கட்டளைப்படி சிறு கருவிகள் இயக்குகின்றன. கிளட்சைப் பாதி பிடித்து இவ்வகைக் கார் ஊர்கிறது. சில பழைய ஏஎம்டி கார்கள் தாமாக ஊர்வதில்லை.

கிளப்பும் முறை

இருக்கையில் அமர்ந்து பிரேக்கை முழுவதும் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் எட்டி எட்டி மிதிப்பவரால் மென்மையாக மிதிக்க இயலாது. வார் இல்லாத, நழுவும் செருப்பும் ஆகாது.

நெம்பு பி அல்லது என் நிலையில் இருப்பதைப் பார்த்து, பிரேக்கை அழுத்தியபடி சாவியைத் திருப்ப வேண்டும். பொத்தான் உள்ள காரில் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் விளக்குகள் எரியுமே தவிர என்ஜின் ஓடாது. பலர் வண்டி பழுது என்று எண்ணிவிடுவர். என்ஜின் ஓடத் தொடங்கும் கணத்தில் பிரேக் மிதி சிறிது கீழே இறங்குவதும் பழுதன்று, பிரேக்குக்குத் துணைவிசை கிடைத்ததன் அடையாளமே.

காலையில் குளிர்ந்த என்ஜின் சில நொடிகள் சற்று வேகமாக ஓடும். அப்போதே டி போட்டால் வண்டி கூடுதல் விசையோடு இழுக்கும். சத்தம் தணியும் வரை பொறுத்து, பிரேக்கை விடாமலேயே நெம்பை டி நிலைக்கு நகர்த்துவது நல்லது. கியர் பிடிக்கும் சிறு அசைவை உணர்ந்த பின் கைப்பிரேக்கை இறக்கி, கண்ணாடிகளைப் பார்த்து, கால்பிரேக்கை மெல்லத் தளர்த்த வேண்டும். வண்டி இரண்டு மூன்று அடி ஊர்ந்த பிறகே கால் ஆக்சிலரேட்டருக்குப் போகலாம். குலுக்கல் இல்லாமல் கிளப்புவதற்கான நுட்பம் பெரும்பாலும் இந்த இரண்டு மூன்று அடியில்தான் இருக்கிறது. நெரிசலில் முன்னே பத்தடி நகரவும் இந்த ஊர்தலே போதும்.

மேட்டில் நிற்கும்போது கைப்பிரேக்கை இழுத்து வைத்து, ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்தி, வண்டி முன்னே இழுப்பது தெரிந்ததும் கைப்பிரேக்கை விட வேண்டும். ஆக்சிலரேட்டரைக் கொண்டே ஏஎம்டி காரை மேட்டில் நிறுத்தி வைத்திருந்தால் கிளட்ச் சூடேறித் தேய்ந்துவிடும்.

மிதி மாறும் ஆபத்து

அமெரிக்காவில் 1980களில் ஆடி 5000 கார்கள் தாமாகப் பாய்வதாகப் புகார்கள் குவிந்தன. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1989இல் வெளியிட்ட ஆய்வு, பிரேக் என்று எண்ணி ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலான நிகழ்வுகளுக்குக் காரணம் என்றது. பிரேக்கை மிதித்தாலன்றி பி நிலையிலிருந்து நெம்பு நகராத பூட்டு இதையொட்டியே பரவியது. தோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 2019 ஏப்ரலில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் பாய்ந்து ஒரு தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்தனர். மிதி மாறியதே காரணம் என 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தவறு பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அன்று, வாகனம் நிறுத்துமிடத்தில் நேர்கிறது. உடலைத் திருப்பிப் பின்னே பார்க்கும்போது கால் இடம் மாறிவிடுகிறது. வண்டி பாய்ந்ததும் ஓட்டுபவர் பிரேக்கை மிதிப்பதாக எண்ணி அதே மிதியை இன்னும் ஓங்கி அழுத்துகிறார். எதிர்பாராமல் வேகம் கூடினால் முதலில் காலை முழுவதும் தூக்கிவிட்டு, பிறகு பிரேக்கைத் தேடி மிதிக்க வேண்டும். குதிகாலைப் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் ஆக்சிலரேட்டருக்குத் திருப்பும் பழக்கம் உதவும்.

இரண்டு மிதிகளுக்கும் வலது கால் ஒன்றே. பல ஆண்டுகள் கிளட்ச் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் இதில் தொல்லை அதிகம். அவர்களின் இடது கால் கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக் மிதியை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் வருபவர் வந்து மோதுவார். முதல் சில நாள்கள் இடது காலை இருக்கைப் பக்கமாக நன்கு மடக்கி வைத்துக்கொள்வது பயன்தரும்.

டி நிலையிலிருந்து ஆர் நிலைக்கு மாற்றும் முன் வண்டி முழுவதும் நின்றிருக்க வேண்டும். ஏஎம்டி கார்கள் பலவற்றில் பி நிலையே இல்லை. அவற்றை நிறுத்தும்போது கியரில் வைத்து என்ஜினை அணைத்துக் கைப்பிரேக்கையும் இழுக்க வேண்டும். மறுநாள் கிளப்பும்போது பிரேக்கை மிதித்து நெம்பை என் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே என்ஜின் ஓடும்.