வளையலை உள்ளே வையுங்கள்!

உங்கள் வீட்டில் இந்த வருஷம் என்ஜினீயரிங் படிப்பை முடிக்கும் பெண்ணோ பிள்ளையோ உண்டா? அப்படியானால் அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு இதைப் படியுங்கள். அப்படி யாரும் இல்லையா? பாதகமில்லை. அடுத்த வீட்டில் நிச்சயம் இருப்பார்கள்!

சில மாதங்களுக்கு முன் கடலூருக்குப் போயிருந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் என் பெரியம்மாவின் பெண் வீடு. நான் உள்ளே நுழைந்தபோது கூடத்தில் பலத்த ஆலோசனை நடந்துகொண்டிருந்தது. அக்காவின் கையில் ஒரு ஜோடி தங்க வளையல். மேஜையின்மேல் இரண்டு விளம்பரக் காகிதங்கள். ஒன்றில் 'கிளவுட் என்ஜினீயர் ஆகுங்கள்' என்றும், மற்றொன்றில் 'டெவ்ஆப்ஸ் என்ஜினீயர் ஆகுங்கள்' என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 70,000 ரூபாய்.

"நல்ல வேளை, நீ வந்தாய்! பத்திரிகையில் இருக்கிறவளுக்குத் தெரியாததா? இவளை எதில் சேர்க்கலாம், சொல்லு. இந்த வாரத்துக்குள் கட்டினால் தள்ளுபடியாம். வளையலை அடகு வைக்கப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றாள் அக்கா.

பெண்ணோ சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் படித்து முடித்தவள். "எது பெரிய வேலை, சித்தி?" என்று என் முகத்தையே பார்த்தாள்.

"ஒரே ஒரு நாள் தவணை கொடு, அக்கா" என்றேன். மறுநாள் காலை அவளையும் அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே கீழ வீதியில் என் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கிறாள். பத்து வருஷமாக இந்த இரண்டு உத்தியோகங்களையும் மாறி மாறிப் பார்த்தவள். இப்போது சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். இட்லியும் கொத்சுவும் பரிமாறிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பித்தாள்.

"உங்கள் வீட்டில் நெய்வேலிக் கரண்டில் விளக்கு எரிகிறது. அதற்காகக் கொல்லையில் பழுப்பு நிலக்கரி தோண்டுகிறீர்களா? மீட்டர் காட்டுகிறபடி பணம் கட்டுகிறீர்கள். கிளவுட் என்பதும் அவ்வளவுதான். கம்பெனிகள் சொந்தமாக யந்திரங்கள் வாங்கி வைக்காமல், பெரிய நிறுவனங்களின் யந்திரங்களை வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன."

மேகம் என்று பெயரே தவிர, அது தரையில்தான் இருக்கிறது! அமேஸான் நிறுவனம் இந்த வியாபாரத்தைப் பெரிய அளவில் தொடங்கியது 2006-ல். மைக்ரோஸாப்ட் நிறுவனம் 2015-ல் சென்னை, பூனா, பம்பாய் ஆகிய மூன்று இடங்களில் தன் யந்திரக் கூடங்களைத் திறந்தது. அமேஸான் 2016-ல் பம்பாய்க்கும், 2022-ல் ஹைதராபாத்துக்கும் வந்து சேர்ந்தது.

எத்தனை யந்திரம் வேண்டும், யார் யாரிடம் சாவி இருக்கலாம், மாத பில் எகிறாமல் காப்பது எப்படி என்பதையெல்லாம் கவனிப்பவர்தான் கிளவுட் என்ஜினீயர். ஓர் ஊரில் விபத்து நேர்ந்தால் வேறோர் ஊரிலிருந்து வேலை நடக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்வதும் அவர் பொறுப்பே. இதைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கரை கடந்து, மின்கம்பங்களும் முந்திரியும் பலாவும் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆயிற்றே!

"சரி, டெவ்ஆப்ஸ்?" என்றாள் என் பெண்.

"கல்யாண வீட்டைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? சமையற்கட்டில் இருப்பவருக்குப் புதிது புதிதாகப் பண்டம் செய்ய ஆசை. பந்தியில் நிற்பவருக்கோ இலையில் தப்பு நேரக் கூடாதே என்ற கவலை. கம்பெனியிலும் அதே சண்டைதான். புரோகிராம் எழுதுகிறவர் தினம் ஒரு மாறுதல் செய்வார். அதை ஓட்டுகிறவர் 'நன்றாக ஓடுவதைத் தொடாதே' என்பார். இருவரையும் சமாதானப்படுத்தி, சமையற்கட்டிலிருந்து பந்திக்கு நல்ல வழி போடுவதுதான் டெவ்ஆப்ஸ்."

2009-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா என்பவர் கூட்டிய மாநாட்டிலிருந்து பரவிய பெயர் இது. ஆரம்பத்தில் உத்தியோகத்தின் பெயராக இருக்கவில்லை. வேலை செய்யும் முறையின் பெயராகவே இருந்தது. புரோகிராமில் மாறுதல் வந்ததும் யந்திரமே அதைச் சோதிக்க வேண்டும். முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும். கெட்டால் உடனே பின்வாங்க வேண்டும். இந்த ஒழுங்கை அமைப்பவருக்கு இப்போது டெவ்ஆப்ஸ் என்ஜினீயர் என்று பட்டம்.

இரண்டிலும் தவறினால் என்ன ஆகும் தெரியுமா? 2024 ஜூலை 19-ந் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி ஒரு பிழையான மாறுதலை ஒரே மூச்சில் உலகெங்கும் அனுப்பிவிட்டது. சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறியிருந்தால் முதல் இலையிலேயே ருசி தெரிந்திருக்கும். அது டெவ்ஆப்ஸ் பாடம். 2025 அக்டோபர் 20-ந் தேதி அமெரிக்காவில் வட வர்ஜீனியாவிலுள்ள அமேஸான் கூடத்தில், ஒரு முக்கியமான சேவையின் விலாசக் குறிப்பு காலியாகிப்போயிற்று. அந்த ஓரிடத்தையே நம்பியிருந்த எத்தனையோ கம்பெனிகள் ஸ்தம்பித்து நின்றன. இது கிளவுட் பாடம்.

"அப்படியானால் நான் எதை எடுத்துக்கொள்வது?" என்று பெண் கேட்டாள். தோழி சிரித்தாள்.

"முதல் வருஷப் பாடம் இரண்டுக்கும் ஒன்றேதான், அம்மா! லினக்ஸ், நெட்வொர்க், பைதான் பாஷை, எழுதியதைப் பத்திரமாக வைக்கும் கிட், ஏதாவது ஒரு கிளவுடின் அரிச்சுவடி. பிறகு டாக்கர், குபர்நெட்டிஸ், டெர்ராஃபார்ம் என்று பல கருவிகள். இரண்டு பேரும் அவற்றைத்தான் கையாளுகிறார்கள். ஒரே ஆளிடம் இரண்டு வேலையையும் கேட்கும் கம்பெனிகள் அநேகம். எடுத்த எடுப்பில் புது ஆளிடம் சாவிக் கொத்தைத் தரவும் மாட்டார்கள். புரோகிராம் எழுதுவது, சோதிப்பது, வாடிக்கைக்காரர்களின் குறை தீர்ப்பது என்று தொடங்கித்தான் பலர் இங்கே வந்து சேருகிறார்கள்."

பிரிவது எங்கே? சுபாவத்தில்தான். வீடு கட்டும்போது குழாய், கம்பி, பூட்டு, செலவு என்று திட்டமிடுவதில் இன்பம் காண்பவர்களுக்குக் கிளவுட் பொருந்தும். செய்த வேலையையே திரும்பச் செய்யச் சலித்து, அதை யந்திரத்திடம் ஒப்படைக்க வழி தேடுபவர்களுக்கும், இரு கட்சிகளோடும் முகம் சுளிக்காமல் பழகத் தெரிந்தவர்களுக்கும் டெவ்ஆப்ஸ் பொருந்தும்.

அந்தச் சமயம் அக்காவிடமிருந்து போன். "ராத்திரி டியூட்டி உண்டா என்று கேட்டாயா?" உண்டு, தாய்மார்களே. பல கம்பெனிகளில் முறை போட்டுக்கொண்டு, கோளாறு நேர்ந்தால் நடுராத்திரியில் எழுந்து கவனிக்கவேண்டும். இரண்டு உத்தியோகத்திலும் இது உண்டு. மறைத்துப் பேசுவதில் லாபமில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். லினக்ஸ் இலவசம், பழைய லாப்டாப்பிலும் ஓடும். கிளவுட் நிறுவனங்கள் புதியவர்கள் பழகுவதற்குக் கொஞ்சம் இலவச இடம் தருகின்றன. ஆனால் அதற்கு வரம்பு உண்டு. மோட்டாரை அணைக்க மறந்தால் தொட்டி வழிவதுபோல, வாடகை யந்திரத்தை அணைக்க மறந்தால் பில் வரும். அமேஸானின் ஆரம்பப் பரீட்சைக்குக் கட்டணம் 100 டாலர். அதைக்கூட நன்றாகப் பழகிய பிறகு எழுதினால் போதும்.

பயிற்சி வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பாடம் நடத்துபவர் இந்த வேலையைச் செய்தவரா? மாணவர் தம் கையால் எதைக் கட்டி முடிப்பார்? வேலை உத்தரவாதம் என்கிறார்களே, எழுத்தில் தருவார்களா, கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா? பதிலில் தயக்கம் தெரிந்தால், மோர் குடித்துவிட்டு வீடு திரும்புங்கள்.

தோழி பெண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தாள். "அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டை எல்லோரும் படிக்கும்படி நீயே இணையத்தில் ஏற்று. பிறகு வேண்டுமென்றே அதைக் கெடுத்து, நீயே சரி செய். எந்தப் பகுதியில் நேரம் போனதே தெரியவில்லையோ, அதுதான் உன் வழி."

இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. "சித்தி! நான் திருத்தி எழுதியது தானாகவே சோதனையாகி மேலே போகிறது. தப்பாக எழுதினால் பழையபடி திரும்பியும் விடுகிறது. நேற்று ராத்திரி சாப்பிடவே மறந்துவிட்டேன்!" எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாள் என்பது புரிகிறதல்லவா? வேலை இன்னும் கிடைக்கவில்லை, விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் "எது பெரிய வேலை?" என்று இப்போது அவள் கேட்பதில்லை.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "வத்தக்குழம்பில் உப்பின் அளவைத் தப்பாக ஏற்றியிருக்கிறாள், அதையும் திருத்தச் சொல்லு!"

கூடவே வளையல்களின் கலகல ஓசையும் கேட்டது.